பவுசர் சாவி யாரிடம்? திருகோணமலைக் கரையோரத்தில் ஒரு தொண்டர் குழுவும் பிரதேச சபையும்

திருகோணமலை மாவட்டத்தின் கரையோரப் பிரதேச சபை ஒன்றின் எல்லைக்குள் 2018 தொடக்கம் 2025 வரை நடந்தவற்றின் பதிவு இது. சபை, ஊர், ஆட்கள் எவருடைய பெயரும் இதில் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில சிறு விவரங்களையும் விட்டிருக்கிறேன். தொண்டர் குழுவுக்கும் சபைக்கும் இடையில் உடன்படிக்கை எழுதியபோது வாசகம் அமைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன் நடந்தவை கூட்டறிக்கைகளிலும் இரு தரப்பார் வாய்மொழியிலும் கிடைத்தவை. அவை முரண்படும் இடத்தில் இரண்டையும் சொல்லியிருக்கிறேன்.

பின்புலம்

மாவட்டப் பொது வைத்தியசாலை திருகோணமலை நகரத்தில் இருக்கிறது. தீயணைப்பு வண்டி வருவதென்றாலும் அங்கிருந்துதான் வர வேண்டும். வடக்கே புல்மோட்டைப் பக்கம் போனாலும் தெற்கே மூதூர், வெருகல் பக்கம் போனாலும் இந்த இரண்டும் தூரமாகிக்கொண்டே போகும். 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிந்தது. அதன் வண்டிகள் பெரும்பாலும் பொலிஸ் நிலையங்களில் நிற்கும். ஒரு பொலிஸ் பிரிவின் வண்டி நோயாளியை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போயிருந்தால், அடுத்த அழைப்புக்குப் பக்கத்துப் பிரிவின் வண்டிதான் வரும். இந்தக் கதையில் வரும் குழு அந்த இடைவெளியில்தான் இயங்கியது.

குழுவின் தொடக்கம் 2004 டிசம்பர் சுனாமி. அன்று காயப்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த ஒரு விளையாட்டுக் கழகத்துப் பெடியன்கள், பிறகு வந்த தொண்டு நிறுவனங்களிடம் முதலுதவி படித்தார்கள். சில வருடங்களில் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் காசு சேர்த்து ஒரு பழைய வான் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் ஸ்ட்ரெச்சரும் ஒட்சிசன் சிலிண்டரும் பொருத்தி, முன்னால் ‘அம்புலன்ஸ்’ என்று எழுதி, பக்கத்தில் கொடையாளிகளின் பெயரையும் எழுதினார்கள். சட்டப்படி அது ஒரு சாதாரண வான். குழுவுக்கென்று தனிப் பதிவும் இல்லை. பிரதேச செயலகத்தில் விளையாட்டுக் கழகமாகப் பதிந்த பதிவின் கீழேயே எல்லாம் நடந்தது.

தீயணைப்பு வேலை வேறு வழியாக வந்தது. சபையிடம் ஒரு பழைய தண்ணீர் பவுசர் இருந்தது. வரட்சிக் காலத்தில் கிராமங்களுக்கும் பாடசாலைகளுக்கும் குடிதண்ணீர் கொடுப்பதே அதன் வேலை. எங்காவது தீப்பிடித்தால் யாராவது பவுசர் சாரதிக்கு ஃபோன் அடிப்பார்கள். அவர் வண்டியை எடுப்பார், குழுப் பெடியன்கள் ஹோஸைப் பிடிப்பார்கள். சபை இதற்கு அனுமதி கொடுத்ததில்லை, மறுத்ததுமில்லை. வருடாந்தம் ஒரு சிறு தொகையைக் கழகத்துக்கு நன்கொடை என்ற தலைப்பில் கொடுத்தது. மரண உதவிச் சங்கம் கொஞ்சம் கொடுத்தது. வெள்ளைக்காரர் வரும் பருவத்தில் ஹோட்டல்காரரும் கொடுத்தார்கள். யாரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்டால் அவமரியாதை என்று நினைத்தார்கள்.

பிரதேச சபையின் கடமை என்ன என்பதில் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத்தான் பேசுகிறது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள், மக்களின் வசதியும் நலனும். தீயணைப்பும் முதலுதவியும் இதற்குள் வரும் என்று வாதிடலாம். ஆனால் ஊரார் தாமாகத் தொடங்கிய ஒரு சேவையைச் சபை எப்படி மேற்பார்வை செய்வது என்பதற்கு அந்த வசனங்களில் வழிகாட்டல் கிடைக்காது.

முதல் அறிகுறி: டீசல் கணக்கு

2018 பெப்ரவரி 10 தேர்தலுக்குப் பிறகு புதிய சபை வந்தது. வட்டாரமும் கட்சிப் பட்டியலும் சேர்ந்த புதிய கலப்பு முறைத் தேர்தல் என்பதால் உறுப்பினர் எண்ணிக்கை கூடியது. பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டால் முதல் தடவையாகப் பெண் உறுப்பினர்களும் வந்தார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு கணக்காய்வு ஐயவினா வந்தது: பவுசர் எடுத்த டீசலுக்கும் அது விநியோகித்ததாகக் காட்டிய தண்ணீருக்கும் ஏன் பொருத்தமில்லை?

திருட்டு என்று பேச்சு எழுந்தது. ஓட்டப் பதிவேட்டைப் புரட்டியபோது விஷயம் வேறு. தீயணைக்கப் போன ஓட்டங்களையும் சாரதி ‘நீர் விநியோகம்’ என்றே எழுதியிருந்தார். பதிவேட்டில் தீக்கு ஒரு நிரல் இல்லை. அனுமதியில்லாத ஓட்டம் என்று எழுதினால் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று அவர் பயந்தார். ஊரைக் காப்பாற்றப் போன ஓட்டத்தைப் பொய் எழுதித்தான் மறைக்க வேண்டியிருந்தது என்பதை அன்றே சபை கவனித்திருக்கலாம். ஐயவினாவுக்கு ஒரு பதில் எழுதி அனுப்பினார்கள். பதிவேட்டில் நிரல் சேர்க்கவில்லை.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பிறகு சோதனைச் சாவடிகள் கூடின. இரவில் நோயாளியோடு போகும் வானை மறித்து, பதிவு எங்கே, யார் அனுமதி என்று கேட்டார்கள். காட்டுவதற்குக் குழுவிடம் ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. ஹோட்டல்கள் வெறிச்சோடியதால் அந்தப் பக்கத்துப் பணமும் நின்றது. வானின் வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியானபோது புதுப்பிக்கக் காசு இருக்கவில்லை.

சம்பவம்

அந்த வருடம் ஆகஸ்ட். கச்சான் காற்று வீசும் காலம். கச்சானில் புல்லும் பற்றையும் காய்ந்து கிடக்கும், பொறி விழுந்தால் போதும். பிற்பகலில் கரையோர மீன்வாடி ஒன்றில் தீ பிடித்தது. கிடுகுக் கூரை, நைலோன் வலை, படகு எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய், பெற்றோல் கான்கள். காற்று ஒரு வாடியிலிருந்து அடுத்த வாடிக்குத் தீயைக் கொண்டுபோனது.

குழு மோட்டார் சைக்கிளில் உடனே வந்துவிட்டது. பவுசர் அந்த நேரம் தூரத்துப் பாடசாலை ஒன்றில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பாதித் தண்ணீரோடு திரும்பி வந்தது. வந்த பிறகும் பம்ப் ஸ்டார்ட் ஆகவில்லை. உறிஞ்சு குழாயின் வாஷர் தேய்ந்து காற்று இழுத்தது என்கிறார் சாரதி. பம்ப்பில் எண்ணெயே இல்லை என்கிறார்கள் குழுவினர். எது சரியென்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. பம்ப்பைக் கடைசியாக எப்போது இயக்கிப் பார்த்தார்கள் என்பதற்கும் பதிவு இல்லை.

தண்ணீர் வருவதற்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு தொண்டர், கொத்தன் வேலை செய்யும் இளைஞர், இன்னும் பற்றாத வாடிக்குள் நுழைந்து பெற்றோல் கானை வெளியே இழுக்கப் பார்த்தார். கான் கசிந்து கை, காலில் தீப்பற்றியது. மண்ணில் உருட்டி அணைத்தார்கள். ஓடும் தண்ணீரால் காயத்தைக் குளிர்விக்க வேண்டும் என்பது அவர்கள் படித்ததுதான். அந்த இடத்தில் கிடைத்த குடிதண்ணீர்ப் போத்தல்களை ஊற்றினார்கள். 1990 ஐ அழைத்தபோது வண்டி வேறொரு நோயாளியோடு நகரத்தில் நின்றது. அனுமதிப்பத்திரம் காலாவதியான அந்த வானிலேயே கொண்டுபோனார்கள்.

உயிரிழப்பு இல்லை. சில வாடிகள் முழுதாக எரிந்தன. இளைஞர் வைத்தியசாலையில் பல வாரம் இருந்தார். நாட்கூலிக்காரர் என்பதால் வீட்டில் வருமானம் நின்றது. அவருடைய தாய் சபைக்கு வந்து கேட்ட கேள்வியைக் கூட்டறிக்கை சுருக்கமாக எழுதியிருக்கிறது. கேட்டவர்கள் சொன்னது இது: “உங்கட பவுசர், உங்கட தண்ணி. என்ர பிள்ளை மட்டும் ஆற்றையோ?”

சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் தொழில் வழங்குநரின் கீழ் வேலை செய்பவருக்கானது. தொண்டருக்கு வழங்குநர் யார்? அவர் எங்கள் ஊழியர் இல்லை என்றது சபை. எங்களிடம் காசு இல்லை என்றது கழகம். வானின் காப்புறுதி சாதாரணப் பாவனைக்கானது. கடைசியில் கோயிலிலும் பள்ளிவாசலிலும் சேர்த்த பணமும் உறுப்பினர்கள் சிலரின் சொந்தப் பணமும்தான் அந்தக் குடும்பத்துக்குப் போனது.

முதல் முடிவு: சாவியை வாங்குதல்

அடுத்த சபைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. பவுசரை அலுவலக நேரத்தில், சபை ஊழியர் மட்டுமே எடுக்கலாம். சாவி அலுவலகத்தில் இருக்கும். கழகம் கணக்குக் காட்டும் வரை நன்கொடை நிறுத்தப்படும். வானை ‘அம்புலன்ஸ்’ என்று ஓட்டக் கூடாது.

இதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. பொதுச் சொத்தில் நட்டம் வந்தால் தவிசாளர் மீதும் செயலாளர் மீதும் மேலதிக அறவீடு விதிக்க, அதாவது அந்த நட்டத்தை அவர்களிடமே அறவிட, இடமுண்டு. ஐயவினா ஒன்று ஏற்கெனவே கோப்பில் கிடந்தது. ஒரு வட்டார உறுப்பினர் மட்டும் எதிர்த்தார், அதுவும் வாக்களிக்கும் நேரத்தில் வெளியே போய்விட்டார்.

சில வாரத்தில் ஒரு ஞாயிறு மாலை விருந்தினர் விடுதி ஒன்றின் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி பற்றியது. அலுவலகம் பூட்டு, சாரதி வீட்டில், சாவி மேசை லாச்சிக்குள். ஊழியர் ஒருவர் எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றப் போனபோது பக்கத்தில் நின்ற குழுப் பெடியன் தடுத்து, காஸ் சிலிண்டரைப் பூட்டி, ஈரச் சாக்கால் சட்டியை மூடினான். கூரை ஓரம் கருகியதோடு தப்பியது. அவன் அங்கே நின்றது தற்செயல்.

நோயாளிகளை ஏற்றுவதும் நிற்கவில்லை. வானுக்குப் பதில் ஓட்டோவில் ஏற்றினார்கள். முதுகில் அடிபட்டவரைக்கூட ஓட்டோவின் பின் சீற்றில் மடக்கி வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று பிரதேச வைத்தியசாலை வைத்தியர் பிறகு சொன்னார். தீர்மானத்துக்குப் பிறகு முந்தியதைவிட ஆபத்தான முறையில், ஒரு எழுத்தும் இல்லாமல், அதே வேலை நடந்தது. அதைச் சபை அறிந்துகொள்ளும் வழியைத் தீர்மானமே அடைத்துவிட்டது.

இரண்டாம் சுற்று

வைத்தியர் ஒரு கடிதம் எழுதியதால்தான் பேச்சு தொடங்கியது. செயலாளர், சபையின் சமுதாய அபிவிருத்தி உத்தியோகத்தர், வைத்தியர், பொலிஸ் பொறுப்பதிகாரி, பட்டியல் மூலம் தெரிவான பெண் உறுப்பினர் ஒருவர், குழுவில் இருவர் மேசையில் இருந்தார்கள். முதல் கூட்டம் குற்றச்சாட்டுகளிலேயே போனது. குழுத் தலைவர், ஐம்பதைத் தாண்டிய மீன்வியாபாரி, ஒரு கட்டத்தில் எழுந்துவிட்டார்: “ஐயா, சுனாமியண்டு எந்தச் சபையும் எங்களட்டப் பதிவு கேக்கேல்ல.” பெண் உறுப்பினர்தான் அவரை இருத்தினார்: “அண்ணை, அண்டைக்குக் கேக்கேல்ல எண்டதாலதான் இண்டைக்கு அந்தத் தம்பி கட்டிலில கிடக்கிறான்.”

இரண்டாம் கூட்டத்தில் ஒரே கேள்வியை எடுத்தோம்: குழு எதைச் செய்யும், எதைச் செய்யாது? மருத்துவமும் தீயணைப்பும் தனித்தனியாகப் பிரிந்தது அப்போதுதான். அதுவரை எல்லாரும் ‘சேவை’ என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஆபத்து வேறு, பொறுப்பு வேறு.

தீயணைப்பில் பவுசர் சபையினுடையது, சாரதி சபை ஊழியர். அதனால் களத்தில் சொல் அவருடையது என்று முடிவானது. தொண்டர்கள் ஹோஸ் பிடிக்கலாம், ஆட்களை விலக்கலாம், பக்கத்து வாடிகளில் இருக்கும் எண்ணெய்க் கான்களைத் தீ நெருங்கும் முன் அகற்றலாம். பற்றத் தொடங்கிய கட்டடத்துக்குள் எவரும் நுழையக் கூடாது. உள்ளே ஆள் இருந்தாலுமா என்று குழுவினர் கேட்டார்கள். மூச்சுக் கருவியும் பாதுகாப்பு உடையும் இல்லாத ஒருவர் உள்ளே போனால் தூக்க வேண்டியவர் இருவராகிவிடுவார் என்றார் வைத்தியர். இந்த வரியை ஒத்துக்கொள்ளத்தான் அதிக நேரம் எடுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் பம்ப்பை இயக்கிப் பார்த்துக் கையெழுத்து வைப்பதும், வரட்சிக் காலத்தில் தொட்டியைக் கால்பங்குக்குக் கீழே இறக்காமல் வைப்பதும் சேர்ந்தன. அலுவலக நேரத்துக்கு வெளியே எடுத்தால் சாரதிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு. சாவி இரண்டு: ஒன்று அலுவலகத்தில், மற்றது சாரதியிடம்.

மருத்துவப் பக்கத்தில் எப்போதும் முதலில் 1990 ஐ அழைப்பது, அங்கே தாமதம் என்று சொன்னால் மட்டும் வானில் ஏற்றுவது, அழைத்த நேரத்தை எழுதிவைப்பது. இரத்தப்போக்கை நிறுத்துதல், மூச்சும் இதயமும் நின்றால் சிபிஆர் (நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுத்தல்), எலும்பு முறிவுக்குக் கட்டு, பாம்புக்கடியில் கட்டி இறுக்காமலும் கீறாமலும் அசையாமல் கொண்டுபோதல் வரை குழு செய்யலாம். மருந்து கொடுப்பதில்லை. கடலில் மூழ்கியவருக்கு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கத்தை விடச் சொல்லி, முதலில் வாய்வழி மூச்சுக் கொடுக்க வைத்தியர் திரும்பவும் பழக்கினார். கரையோர ஊரில் இந்த ஒரு பயிற்சிக்கே வருடா வருடம் நாள் ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வானின் முகப்பில் இருந்த ‘அம்புலன்ஸ்’ எழுத்தை அழிக்க வேண்டியிருந்தது. தனியார் அம்புலன்ஸ் சேவைகள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டியவை. பதியாத வண்டியில் அந்த எழுத்து இருந்து, வழியில் ஒருவர் இறந்தால், முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும். கொடையாளிகள் ஃபோனில் கொதித்தார்கள். பெயர் அழியவில்லை, பக்கத்தில் அப்படியே இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பிய பிறகே அடங்கினார்கள்.

மேற்பார்வையும் தலையீடும்

பேச்சில் யாரும் எதிர்பாராத ஒன்று வெளியே வந்தது. பவுசர் சாரதியின் ஃபோனுக்கு உறுப்பினர்களே நேரடியாக அழைத்து, ‘முதலில் என் வட்டாரத்துக்கு வா’ என்று திருப்புவது வழக்கமாக இருந்திருக்கிறது. பெரும்பாலும் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் தண்ணீர். ஒரு தடவை புல்தீ அழைப்பு வந்தபோதும் பவுசர் ஒரு விசேஷ வீட்டில் நின்றது. சாரதி இதைச் சொன்னபோது மேசையில் இருந்த உறுப்பினர் உட்பட எல்லாரும் கொஞ்ச நேரம் கோப்பைப் பார்த்தார்கள்.

மேற்பார்வை என்றால் உறுப்பினர் களத்துக்கு வந்து கட்டளையிடுவது என்ற எண்ணம் இங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. மக்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். தீ எரியும் இடத்தில் உறுப்பினர் நிற்காவிட்டால் அடுத்த தேர்தலில் கேட்பார்கள். அதனால் உடன்படிக்கையில் இரண்டு வரிகள் சேர்ந்தன. அழைப்பு ஒரே எண்ணுக்கு வரும், அந்த எண்ணை எடுப்பவர் மட்டுமே பவுசரை அனுப்புவார். உறுப்பினரின் கேள்விகள் மேற்பார்வைக் குழுவின் கூட்டத்தில், பதிவை முன்னால் வைத்துக்கொண்டு கேட்கப்படும். சில உறுப்பினர்கள் இதைத் தம் அதிகாரத்தைக் குறைப்பதாகவே பார்த்தார்கள். சாரதிக்கோ அதைவிடப் பெரிய நிவாரணம் கிடைத்திருக்காது: “இனி ‘பேப்பரில அப்பிடித்தான் இருக்கு சேர்’ எண்டு சொல்லலாம்.”

பதிவு என்பது ஒரு பக்கத் தாள். அழைப்பு வந்த நேரம், புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், போனவர்கள், செய்தது, யாரிடம் ஒப்படைத்தது, எரிபொருள், தொண்டருக்குக் காயம் உண்டா. சபைக்குப் போகும் பிரதியில் நோயாளியின் பெயர் இருக்காது. சிறிய ஊரில் யார் எதற்கு வைத்தியசாலைக்குப் போனார் என்பது சபை மேசையில் கிடக்க வேண்டியதில்லை. எரிபொருளுக்கான பணம் அந்தத் தாளை வைத்தே கொடுக்கப்படும். நன்கொடை என்ற தலைப்பை எடுத்துவிட்டு, அந்தத் தொகையில் தொண்டர்களுக்குக் குழு விபத்துக் காப்புறுதி எடுத்தார்கள். சபைக்கு வெளியே உள்ள ஊர்வாசிகளையும் குழுக்களில் சேர்க்கப் பிரதேச சபைச் சட்டம் இடம் தருவதால், உறுப்பினர் இருவர், செயலாளர், வைத்தியர், தொண்டர் இருவர், மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் கொண்ட மேற்பார்வைக் குழு அமைந்தது.

பிறகு நடந்தவை

உடன்படிக்கை 2020 தொடக்கத்தில் கையெழுத்தானது. மார்ச் 20 இல் நாடு முழுவதும் ஊரடங்கு. காய்ச்சல்காரரை வானில் ஏற்றுவதா இல்லையா என்பதை உடன்படிக்கை நினைத்தே பார்த்திருக்கவில்லை. கிளினிக் மருந்துகளை வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள், மற்றவற்றைச் சுகாதாரத் துறையிடம் விட்டார்கள். அந்த மாதங்களில் தாள் ஒழுங்காக நிரம்பவில்லை.

டிசம்பர் 2 இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது ஒழுங்கு திரும்பியிருந்தது. முதல் நாளே பவுசர் பம்ப் சோதிக்கப்பட்டு, வான் பிரதேச வைத்தியசாலை முற்றத்தில் நின்றது. பயந்த அளவுக்குச் சேதம் இல்லை. முகாம்களுக்கு ஆட்களை ஏற்றியதுதான் வேலை.

2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை எனப்படும் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அதற்கு அனுமதி கொடுத்தது யார், பாதுகாப்பைப் பார்த்தது யார் என்ற கேள்வி மாவட்டத்தின் எல்லாச் சபைகளையும் உலுக்கியது. இந்தச் சபையிலும் உடன்படிக்கையை ரத்துச் செய்து கையைக் கழுவிவிடலாம் என்று ஒரு பிரேரணை வந்தது. செயலாளர் தாள்களின் கோப்பைக் கூட்டத்தில் வைத்தார். அனுமதியும் நிபந்தனையும் எழுத்தில் இருப்பதுதான் சபைக்குப் பாதுகாப்பு என்று வாதிட்டார். பிரேரணை வாபஸானது. 2022 எரிபொருள் நெருக்கடியில் அதே கோப்பைக் காட்டித்தான் வானுக்கு டீசல் ஒதுக்கீட்டுக்குப் பரிந்துரை வாங்கினார்கள்.

பலவீனம் தெரிந்தது 2023 இல். அந்த வருடம் மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போனது. உறுப்பினர் இல்லாமல் போனதால் மேற்பார்வைக் குழுவும் கூடவில்லை. நிர்வாகம் செயலாளர் கையில் வந்தது, அவரும் மாற்றலாகிப் போனார். புதியவர் தாளைப் பார்த்து, இது எந்தச் சுற்றறிக்கையின்படி என்று கேட்டார். காப்புறுதித் தவணை ஆண்டுதோறும் சபைத் தீர்மானத்தோடு கட்டப்பட்டு வந்தது. தீர்மானம் எடுக்கச் சபை இல்லாததால் கட்டணம் நின்று, தொண்டர்கள் காப்புறுதி இல்லாமலே ஓடினார்கள். பலருக்கு அது தெரியவும் தெரியாது.

தாள் மட்டும் நிற்கவில்லை. சமுதாய அபிவிருத்தி உத்தியோகத்தர் மாற்றலாகாமல் இருந்ததும், எரிபொருள் பணம் தாளோடு கட்டுண்டிருந்ததும்தான் காரணம். வெள்ளிக்கிழமைப் பம்ப் சோதனை முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு நினைவு வந்தால் என்றானது.

2025 மே 6 தேர்தலில் வந்த சபையில் பழைய முகங்கள் குறைவு. தொண்டர் குழுவும் சுருங்கியிருந்தது. நெருக்கடிக்குப் பிறகு நல்ல பயிற்சி பெற்ற பலர் கட்டாருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். தீக்காயம் பட்ட இளைஞர் களத்துக்குத் திரும்பவில்லை, அழைப்பு எண்ணைப் பார்த்துக்கொள்கிறார். புதிய உறுப்பினர் ஒருவர் முதல் மாதத்திலேயே பவுசரைத் தன் பக்கம் அனுப்பச் சொல்லி அழைத்தாராம். அந்த இளைஞர் உடன்படிக்கைத் தாளை வாசித்துக் காட்டியிருக்கிறார்.

மாற்ற வேண்டியவை

மேற்பார்வைப் பொறுப்பை உறுப்பினர் குழுவிடம் மட்டும் கட்டியது உடன்படிக்கையின் பெரிய ஓட்டை. சபை கலையலாம், பதவிக்காலம் முடியலாம், தேர்தல் வராமலும் போகலாம். அன்றாடக் கண்காணிப்பு ஒரு உத்தியோகத்தரின் கடமைப் பட்டியலில் எழுத்தில் சேர வேண்டும். அவர் மாறினால் கையளிப்புப் பத்திரத்தில் அந்தக் கோப்பும் இருக்க வேண்டும். மேற்பார்வைக் குழுவின் வேலை காலாண்டுக்கு ஒருமுறை கேள்வி கேட்பதோடு நின்றால் போதும். காப்புறுதி ஆண்டுத் தீர்மானத்தை எதிர்பார்க்காமல் மீண்டுவரும் செலவாக வரவுசெலவுத் திட்டத்தில் இருக்க வேண்டும். காப்புறுதி நின்றால் அன்றே தொண்டர் குழுவுக்கு எழுத்தில் சொல்வதும், புதுப்பிக்கும் வரை தீயணைப்புக்குத் தொண்டர்களை அழைக்காததும் நிபந்தனையாக வேண்டும்.

இடைநிறுத்தத்துக்கும் ஒரு வழிமுறை வேண்டும். 2019 இல் சபைக்கு இரண்டு தெரிவுதான் தெரிந்திருந்தன: கண்டும் காணாமல் விடுவது, அல்லது சாவியை வாங்குவது. பம்ப் பழுதானால் பம்ப் சரியாகும் வரை தீயணைப்பு மட்டும், வான் அனுமதி முடிந்தால் வான் மட்டும் என்று பகுதி பகுதியாக நிறுத்தலாம், நிறுத்திய காலத்தில் அழைப்பு யாரிடம் போகும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதலாம்.

பழைய தாள்களை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை என்பதும் ஒரு குறை. எந்த மாதத்தில் எந்தப் பக்கத்தில் 1990 தாமதமாகிறது என்பது அவற்றில் கிடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை தொகுத்துச் சுகாதாரத் துறைக்கு அனுப்பினால், வண்டி நிறுத்தும் இடத்தை மாற்றக் கேட்பதற்கு ஆதாரம் கிடைக்கும்.

புதிய சபை உடன்படிக்கையைத் திருத்தங்களோடு ஏற்பதாகக் கொள்கையளவில் தீர்மானித்திருக்கிறது. காப்புறுதி அடுத்த வரவுசெலவுத் திட்ட வரைவில் தனித் தலைப்பாகச் சேர்ந்துவிட்டது. வானை நோயாளர் போக்குவரத்து வண்டியாகப் பதிவதற்கான விண்ணப்பம் இன்னும் முடியவில்லை; வானின் வயது அதற்குத் தடையாக இருக்கிறது. கொடையாளிகளிடம் புதிய வண்டி கேட்பதா, சபையின் பெயரில் வாங்குவதா என்பது அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. சபையின் பெயரில் வாங்கினால் பெயர்ப்பலகை எங்கே போடுவது என்று வெளிநாட்டிலிருந்து இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.